இரண்டு சாட்சி கேட்ட வலைத்தளம்

அப்பு,

உன் புது வலைத்தளத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் தடவை செவ்வாய்க்கிழமை காலையில், பத்திரம் எழுத வந்த கட்சிக்காரரை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தேன். இரண்டாம் தடவை அன்றைக்குச் சாயந்திரம். மூன்றாம் தடவை நேற்று, புதன்கிழமை, உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் தெறந்து விடுறேன்ப்பா. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்து, எது சரியில்லன்னு சொல்லுங்க" என்று போனில் சொன்னாய். கேட்ட மாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெங்களூரில் இந்த வேலை தெரிந்தவர்கள் உன்னைச் சுற்றி அத்தனை பேர் இருக்கும்போது, திண்டுக்கல்லில் பத்திரம் எழுதிப் பிழைக்கிற கிழவனிடம் இவன் ஏன் கேட்கிறான்? இவனுக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா? அம்மா ஏதும் உளறிவிட்டாளா? அவளுக்கே அப்போது ஒன்றும் தெரியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சரியில்லாதவை என்று ஒன்பது குறித்து வைத்தேன். எட்டு, சில்லறை. ஒன்பதாவதுதான் விஷயம். நீ வரைந்த எழுத்துகளைப் பற்றிய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாய்: 'ஏழு வருடங்களுக்கு முன்பு இதே எழுத்துகளை வலையில் வைத்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை.' அந்த வரி பொய், அப்பு. நீ தெரிந்து சொன்ன பொய் இல்லை. ஒருவர் கேட்டார். கேட்டது உன்னிடம் வந்து சேரவில்லை. ஏன் வந்து சேரவில்லை என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அந்த வரி ஊருக்குமுன் ஏறுவதற்குள் நான் உன்னிடம் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, விடுங்க" என்று வைத்துவிடுவாய். அந்த "விடுங்க"வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மிச்ச ஆயுசுக்கும் நான் சந்தேகப்பட்டுக்கொண்டே கிடப்பேன். அதனால்தான் கையால் எழுதி, இன்றைக்கே கூரியரில் போடுகிறேன்.

சில்லறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரே விஷயத்துக்கு வர எனக்குத் தைரியம் இல்லை என்றே வைத்துக்கொள். முதல் பக்கத்தில் உன் பெயர் மேலே சின்னதாக இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் வெள்ளை. உன் அம்மா பார்த்துவிட்டு, "பய இன்னும் எழுதி முடிக்கல போல" என்றாள். எழுத்தெல்லாம் சாம்பல் நிறம். வெள்ளையில் சாம்பலைக் கண்ணாடி போட்டவன் எப்படிப் படிப்பான்? படிக்க முடியாதபடி ஒரு வாசகம் இருந்தால், அது படிக்கக் கூடாது என்றே போடப்பட்டது என்றுதான் எங்கள் தொழிலில் எடுத்துக்கொள்வோம். எந்தச் சொல்லைத் தொட்டால் வேறு பக்கத்துக்குப் போகும் என்பதற்கும் அடையாளம் இல்லை. தற்செயலாக ஒன்றில் கை பட்டு எங்கேயோ போய்விட்டேன். அடியில் 'ஏழில் நான்காம் பக்கம்' என்று போட்டு, முதல் பக்கத்துக்குத் திரும்ப வழியும் வைத்திருந்தாய். அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அது நான் சொல்லிக் கொடுத்தது. கடைசிப் பக்கத்தில் 'ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று கேட்டு ஒரே ஒரு பெட்டி. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. மொட்டைக் கடுதாசி எழுதுகிறவனுக்கு நீயே பலகையும் பேனாவும் எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பார்த்த உடனே அழி என்று எழுத வந்தேன். அப்புறம் எந்த வாயால் அதைச் சொல்வது என்று நிறுத்திவிட்டேன்.

நான் ஏன் இப்படி என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். "உங்களுக்கு எதப் பாத்தாலும் சந்தேகந்தானாப்பா?" என்பாய். பிறவியிலேயே இப்படி இல்லை. நீ ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ரெட்டியார்சத்திரம் பக்கம் உன் தாய்மாமா சம்பங்கி போட்டிருந்த காட்டில் ஒரு துண்டை விற்றார். பத்திரம் நான்தான் எழுதினேன். கிணறு அவருக்கே என்பதுதான் பேச்சு. மச்சான்தானே, நாளைக்குப் பதிவுதானே என்று சொத்து விவரத்தின் கடைசி வரியில் பாதி வரி காலியாக விட்டுவிட்டேன். காலியிடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லித் தருவது அது. அன்றைக்கு உன் அம்மா சாப்பாடு கொண்டுவந்து கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டேன். மாமா எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாங்கியவன் வீட்டில் ஒரு ராத்திரி இருந்த பத்திரத்தில், அந்தப் பாதி வரியில், 'கிணற்றில் பாதிப் பாத்தியம் உட்பட' என்று ஏறிவிட்டது. என் எழுத்தைப் பார்த்து எழுதியிருந்தான் படுபாவி. மறுநாள் பதிவு அதிகாரி கேட்டபோது, எழுதியது மாப்பிள்ளைதானே என்று மாமா படித்துக்கூடப் பார்க்காமல் சரி என்றார். நானும் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்ததில் அவருடைய சம்பங்கி பாதி காய்ந்தது.

மாமா என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க எழுதுனதுன்னுதேன் நான் படிக்கல மாப்ள" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார். அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் புத்தி. உன் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டால்கூட மேலேயும் கீழேயும் கோடு இழுத்துத்தான் கொடுத்தேன். உன் வாத்தியார் அதைக் காட்டி வகுப்பில் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து நீ அழுதாய். அதையும் நான் நம்பவில்லை, மார்க்கைத் திருத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது பழைய வலைத்தளத்துக்கு வருகிறேன். நீ காலேஜில் கடைசி வருடம். அப்போதெல்லாம் ஊரில் வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும். குழாயில் தண்ணீர் வருகிற அன்று வேறு வேலை ஓடாது. அப்படி ஒரு நாளில், குடத்தை அப்படியே வைத்துவிட்டு வரச்சொல்லி என்னை நாகல் நகரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். உள்ளே தடுப்புத் தடுப்பாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் துணித் திரை. மறைக்க ஏதோ இருந்தால்தானே திரை என்று வாசலிலேயே நின்றேன். நீ திரையை முழுக்கத் தள்ளிவிட்டு, "இப்ப வாங்கப்பா" என்றாய். கறுப்புப் பக்கம், அதில் மஞ்சள் எழுத்து. மேலே உன் பெயர் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற எண், நாற்பத்தொன்று.

"யார்லே அந்த நாப்பத்தோரு பேரு?" என்று கேட்டேன்.

"தெரியாதுப்பா. அதுல முப்பது நாந்தேன்."

"மிச்சம் பதினோரு பேரு?"

"யாராச்சும் பாத்திருப்பாங்க."

"நம்ம வீட்டுக்குள்ள பதினோரு பேரு வந்துட்டுப் போயிருக்காங்க. யாருன்னு கேட்டா தெரியாதுங்குற. நல்லா இருக்குலே உன் வீடு!"

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுகிற எழுத்தை நிறுத்து என்றேன். ஓடிக்கொண்டிருப்பதை ஒருவன் எப்படிப் படித்து ஒப்புக்கொள்வான்? நிறுத்தினாய். ஒரு பக்கத்துக்குள் போனால் வந்த வழியே திரும்ப வழி இல்லை. நிலத்துக்கு நடைபாதைப் பாத்தியம் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு பக்கத்திலும் முதல் பக்கத்துக்கு வழி எழுது என்றேன். எழுதினாய். மொத்தம் எத்தனை பக்கம், இது எத்தனையாவது என்று அடியில் போடச் சொன்னேன், நடுவில் யாரும் ஒரு தாளைச் செருக முடியாதபடி. "இதுல யாரும் செருக முடியாதுப்பா" என்றாய், ஆனாலும் போட்டாய். காலியிடத்தில் எல்லாம் குறுக்குக் கோடு போடச் சொன்னதுதான் அநியாயம். கறுப்புப் பக்கத்தில் மூலைக்கு மூலை மஞ்சள் கோடு. பார்க்கவே கண்றாவியாக இருந்தது. அது எனக்கே தெரிந்தது. ஆனாலும் எடு என்று நான் சொல்லவில்லை, அப்பா சொன்னார் என்று நீயும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தாய். அ முதல் ன் வரைக்கும் எழுத்துகள், வரிசையாக. அத்தனையும் என் எழுத்து. மேலே வளைந்து ஏறுகிற என் 'இ', வால் நீண்ட என் 'ழ'. ஆபீஸில் நான் கிழித்துப் போட்ட நகல் தாள்களைப் பொறுக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படியெடுத்து, கோணல் நீக்கி, மறுபடி மறுபடி வரைந்து ஒரு வருடம் உழைத்திருக்கிறாய். கீழே ஒரு வாசகம்: 'இந்த எழுத்துகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.' வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் மகனைக் கட்டிப்பிடித்திருப்பான். எனக்கு மாமாவின் கிணறு ஞாபகம் வந்தது.

"ஏலே, என் கைய யாருக்குலே தூக்கிக் குடுத்த?" என்று கத்திவிட்டேன். பக்கத்துத் திரைகள் எல்லாம் விலகின.

"கை இல்லப்பா, எழுத்து. அம்புட்டு அழகா இருக்கு. எல்லாரும் எழுதட்டுமேன்னு..."

"எல்லாரும் எழுதுனா, எவனோ எழுதுன பத்திரத்துக்கு நாளைக்கு நான் போயி கூண்டுல நிக்கணும். ஒரு பாதி வரிக்கு உன் மாமா கெணறு போச்சு. நீ முழு நெடுங்கணக்கையே தூக்கித் தெருவுல வச்சிருக்க."

எடு என்றேன். மாட்டேன் என்றாய். அதுவரைக்கும் நீ என்னிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். எழுத்து வேண்டும் என்கிறவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தை நான்தான் சொல்லச் சொல்ல நீ செய்தாய்: பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், கதவு எண்ணோடு முகவரி, எழுத்து எதற்கு வேண்டும், முதல் சாட்சி, இரண்டாம் சாட்சி, சாட்சிகளின் முகவரி. ஒன்று விட்டுப்போனாலும் படிவம் நகரக் கூடாது. நிரப்பியது எனக்கு வர வேண்டும். ஆள் யார் என்று நான் விசாரித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவேன். எனக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுத்தாய். கடவுச்சொல்லை அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள் என்றேன். திருப்பிக்கொண்டாய். பிரவுசிங் சென்டர்க்காரர் வேடிக்கைக்காக ஒரு தடவை அதை நிரப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு சாட்சிக்கு எம் பொண்டாட்டியப் போட்டுட்டேன். ரெண்டாவதுக்கு ஆளு கெடைக்கல, விட்டுட்டேன்" என்றார். நீ அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, என்னிடம் மெதுவாக, "இப்படித்தேன்ப்பா எல்லாரும் பாதியிலயே ஓடிருவாங்க" என்றாய். ஓடுகிறவன் ஓடட்டும், நல்ல எண்ணம் இருக்கிறவன் நிரப்புவான் என்றேன்.

ஒருத்தி நிரப்பினாள்.

மூன்று மாதம் இருக்கும். வாரம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன், எப்போதும் காலி. அன்றைக்கு ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து ஒரு பெண். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். தகப்பனார் பெயர், வயது, கதவு எண், எதிலும் குறை இல்லை. முதல் சாட்சியாக அவளுடைய அம்மா. இரண்டாம் சாட்சியாக மாடி வீட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் வயதுகூடப் போட்டிருந்தாள். எதற்கு வேண்டும் என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான கணினித் தமிழ் எழுத்துகள் வடிவமைக்கிறோம். இவற்றை வரைந்தவரைப் பார்க்க வேண்டும். அவருக்கு எங்களிடம் வேலை இருக்கிறது. எழுத்து மட்டும் போதாது, ஆளே வேண்டும்.'

அதைப் படித்தவுடன் எனக்கு என்னென்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறாளே, எதை மறைக்கிறாள் என்று தோன்றியது. அப்போது கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க எல்லோராலும் முடியாது என்பதுகூட எனக்குத் தெரியாது. அடுத்தது, ஒரு குறைகூட இல்லையே என்ற சந்தேகம். நிஜமான ஆள் வயதைக் கேட்டால் "நாப்பது இருக்கும்" என்பான், கதவு எண்ணை மறப்பான், தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தப்பாகச் சொல்வான். பிசகே இல்லாமல் ஒப்பிக்கிறவன் ஆள்மாறாட்டம் செய்ய வந்தவன். இது என் இருபது வருட அனுபவம். எல்லாம் நிரப்பினால்தான் நகரும் என்று படிவம் போட்டதும் நான். எல்லாம் நிரப்பியிருக்கிறாளே என்று சந்தேகப்பட்டதும் நான். அப்புறம், ஆளே வேண்டும் என்கிறாளே, பிள்ளையை எங்கேயாவது கொண்டுபோய் ஏமாற்றிவிட்டால்? இதெல்லாம் சந்தேகம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. இன்னொன்றும் இருந்தது. 'வரைந்தவரைப் பார்க்க வேண்டும்' என்றாளே, அது என் எழுத்துதானே, என்னை ஏன் கேட்கவில்லை என்று ஒரு எரிச்சல். பெற்ற மகன்மேல் பொறாமை, அப்பு. எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கடிதத்திலும் ஒரு பாதி வரி காலியாகக் கிடக்கும்.

விசாரித்துவிட்டுச் சொல்லலாம் என்று அதை அச்செடுத்து பீரோவில் வைத்தேன். விசாரிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து இன்னொன்று வந்தது. அதற்கும் மறுபடி முழுப் படிவத்தையும், இரண்டு சாட்சிகளையும் நிரப்பியிருந்தாள். எதற்கு என்ற இடத்தில் இவ்வளவுதான்: 'பதில் இல்லை. படிவத்தில் எதையாவது தவறாக நிரப்பிவிட்டேனா? சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.' அதையும் அச்செடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு வரவில்லை.

நீ ஒவ்வொரு வாரமும் கேட்பாய். நான் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பாய். "ஏதாச்சும் வந்திருக்காப்பா?" "ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான் பேச்சு. எத்தனை வாரம் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் நீ கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றோடு வைத்த வெஞ்சனத்தைத் தொடாமல், "அத நிப்பாட்டிட்டேன்ப்பா. யாருக்கும் வேணாம்போல" என்றாய். உன் அம்மா உன் முகத்தைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்தத் தட்டிலிருந்து நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பீரோ எட்டடி தூரத்தில் இருந்தது. அடுத்த மாதம் நீ பெங்களூருக்குப் போனாய். வேறு யாரோ செய்கிற புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. ஏழு வருடம் அதைச் செய்தாய். லீவுக்கு வரும்போதெல்லாம், "வேல எப்படிலே?" என்பேன், "இருக்குப்பா" என்பாய். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு பீரோவைத் திறக்கவே பயம் வந்துவிட்டது. இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி இந்த எழுத்துகளோடு தனியாக நிற்கிறாய். அந்தப் பெண்ணின் கடிதத்தை அன்றைக்கே உன் கையில் கொடுத்திருந்தால், நீ இன்றைக்குத் தொடங்குகிற இடத்தை ஏழு வருடம் முன்பே தாண்டியிருப்பாய். அல்லது அவள் ஏமாற்றுக்காரியாகவே இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிற பாத்தியம் உன்னுடையது. உன் பெயருக்கு வந்ததை நான் என் பெயருக்கு எழுதிக்கொண்டேன்.

நேற்று உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைச் சத்தம் போட்டுப் படித்தாள். 'ஒருவர்கூடக் கேட்கவில்லை.' படித்துவிட்டு, "பாவம் புள்ள" என்றாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்துபோய் பீரோவில் மாமாவின் பத்திர நகலுக்கு அடியில் வைத்திருந்த இரண்டு தாளையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். இரண்டாம் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"எங்கண்ணன் கெணத்த எழுதிக்கிட்டவன இந்நேரம் வரைக்கும் திட்டுறீங்களே. அவன் ஒரு ராத்திரி வச்சிருந்தான். நீங்க ஏழு வருசம் வச்சிருக்கீங்க" என்றாள்.

நான் திரும்பிப் பீரோவைச் சாத்தினேன்.

"இந்தப் புள்ள தப்பா நெரப்பிட்டோமோன்னு கேக்குது பாருங்க. அதுக்காச்சும் ஒரு பதிலு போட்டிருக்கலாம்ல?"

அவள் அதற்கப்புறம் என்னைத் திட்டவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "நான் சொல்லமாட்டேன். நீங்கதேன் சொல்லணும். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லணும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்றைக்குக் காலையில் காபி கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு தாளும் இதோடு இருக்கின்றன. முகவரி இருக்கிறது, சாட்சிகளின் முகவரியும் இருக்கிறது. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, அந்தத் தொழிலில்தான் இருக்கிறாளோ, எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை, எழுதவும் இல்லை. இந்த முறை நான் நடுவில் நிற்கமாட்டேன். எழுதுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். எழுதினால், படிவத்தில் தவறு எதுவும் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடு.

புது வலைத்தளத்தைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் இதுதான். சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்கு. அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தொட வேண்டிய சொற்களுக்கு அடியில் கோடு போடு. முதல் பக்கத்து வெள்ளை அப்படியே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை பார்த்தபோது ஏமாற்று வேலை என்று தோன்றியது. நேற்றுப் பார்த்தபோது உன் பெயர் முதல் தடவையாக மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்பதும் இருக்கட்டும். என் எழுத்தை வைத்து எவனாவது கள்ளப் பத்திரம் எழுதினால் நான் போய்க் கூண்டில் நின்றுகொள்கிறேன். பெயர் கேட்காத அந்தப் பெட்டியையும் எடுக்காதே. நேற்று அதில் 'எழுத்து நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி வந்திருக்கும். பெயர் போடாமல் அடித்தது நான்தான். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மொட்டைக் கடுதாசி. ஒன்பதாவதாகக் குறித்த அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு நடந்ததை எழுது. அப்பா மறைத்தார் என்று எழுத வேண்டியிருந்தால் அப்படியே எழுது. உண்மையான வாசகத்துக்கு நான் ஆட்சேபணை சொன்னதில்லை.

நீ என்மேல் கோபப்படுவாய். படு. "சரிப்பா, விடுங்க" என்று மட்டும் சொல்லாதே, அப்பு. என்னை என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல். போனில் வாய் வரவில்லை என்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். இந்தக் கடைசித் தாளைப் பார். இந்தக் கடிதம் முடிகிற இடத்திலிருந்து என் கையெழுத்து வரைக்கும் முக்கால் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். குறுக்கே கோடு இழுக்கவில்லை. என் எழுத்து உனக்கு என்னைவிட நன்றாக வரும். அந்த இடத்தில் நீ என்ன எழுதினாலும் சரி, நான் ஒப்புக்கொண்டு கீழே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

 

 

 

உன் அப்பா